நைலான் நரம்பை இணைக்கும் முடிச்சுகள்

விரிவுரையாளர், உழவியல் துறை

மக்காச்சோளத்தில் களை நிர்வாகம் பற்றிப் பேசுவதற்காகச் சென்ற பங்குனியில் ஓர் உழவரின் தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். வயலின் மேற்கு மூலையில் அவர் ஒரு பண்ணைக் குட்டை வெட்டி, அதில் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை மீன்களை வளர்த்து வருகிறார். மொத்தமாகப் பிடிப்பதற்கு வலைக்காரர்கள் வருவார்கள். வீட்டுக் குழம்புக்கு மட்டும் அவருடைய மகன் மாலை வேளைகளில் தூண்டில் போடுவது வழக்கம். நாங்கள் வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது குட்டைப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. பெரிய கட்லா ஒன்று முள்ளில் மாட்டி, மூங்கில் கழியை வளைத்து, அடுத்த நொடியில் நரம்போடு போய்விட்டது.

"நரம்பு சொத்தைங்க சார். கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில கட்டிட்டாருங்க" என்றார் அந்த இளைஞர். கழியில் மிஞ்சியிருந்த நரம்பை வாங்கிப் பார்த்தேன். அதன் நுனி நேராக அறுந்திருக்கவில்லை. பன்றிக்குட்டியின் வாலைப் போல் சுருள் சுருளாக இருந்தது. நரம்பு அறவே இல்லை, முடிச்சுதான் உருவிக்கொண்டது. கடைக்காரர் மீது குற்றமில்லை என்று சொன்னபோது அவர் அரைமனத்தோடுதான் கேட்டுக்கொண்டார்.

இதில் போனது ஒரு மீன் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வாயில் முள்ளும், அதன் பின்னால் ஒன்றரை முழம் நரம்புமாகப் போன மீன் சரியாக இரை எடுக்காது. நான்கு நாள் கழித்து அது செத்து மிதந்ததாகத் தொலைபேசியில் சொன்னார்கள். எடை மூன்று கிலோவுக்குக் குறையவில்லையாம்.

பிறரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு அதிகம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதுகலைப் படிப்பின்போது கிணற்று நீரில் உப்பின் அளவை ஆராய்வதற்காக, பல ஆழங்களிலிருந்து நீர் மாதிரி எடுத்து வந்தேன். ஒரு கிணற்றில் கயிறு எட்டவில்லை. இன்னொரு நைலான் கயிற்றை எடுத்து, மாட்டுக் கயிற்றை முடிவது போலவே முடிந்து இறக்கினேன். மாதிரி எடுக்கும் உலோகக் குடுவை நிறைந்து கனத்ததும் முடிச்சு சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது. குடுவை இன்றும் அந்தக் கிணற்றில்தான் இருக்கிறது. அதன் விலையை நான்தான் கட்டினேன். அன்றிலிருந்து முடிச்சுகளைப் பற்றிக் கொஞ்சம் அக்கறையாகப் படித்தும் போட்டுப் பார்த்தும் வருகிறேன். அப்படி அறிந்தவற்றில் உழவர்களுக்குப் பயன்படக்கூடியவற்றை இங்கே தருகிறேன்.

நாரும் நைலானும்

நம் பாட்டன்மார் போட்ட முடிச்சு தவறானதல்ல. அவர்கள் கையாண்ட கயிறு வேறு. தேங்காய் நார், சணல், புளிச்சை நார், பருத்தி எல்லாமே பிசிறுள்ள பொருள்கள். ஒரு புரியின் பிசிறு மற்றொரு புரியின் பிசிறோடு கோத்துக்கொள்ளும். நனைந்தால் நார் ஊதி, முடிச்சு இன்னும் இறுகும். அத்தகைய கயிற்றில் சாதாரணமாக இரண்டு முறை மாற்றிப் போட்ட முடிச்சே காலமெல்லாம் நிற்கும்.

நைலான் அப்படியல்ல. 1935ஆம் ஆண்டு அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் தலைமையில் உருவாக்கப்பட்டு, 1938இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட பொருள் இது. அதற்கு முன் தூண்டிலுக்குப் பருத்தி நூல், பட்டு நூல், குதிரை வால் மயிர், பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை இழுத்துச் செய்த இழை ஆகியவை பயன்பட்டன. நாம் தூண்டில் நரம்பு என்றும், கடலோரத்தில் தங்கூஸ் என்றும் சொல்லும் நைலான் நரம்பு ஒரே இழையால் ஆனது. கண்ணாடி போல் வழவழப்பானது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஆகவே கைக்குப் பழகிய பழைய முடிச்சை இந்தப் புதிய பொருளில் போடும்போது, போட்டவுடன் இறுகினதாகத் தோன்றி, பாரம் வந்ததும் நழுவுகிறது.

முடிச்சைப் பிடித்து நிறுத்துவது உராய்வு ஒன்றுதான். வெட்டிய மரத்தைக் கிளையிலிருந்து இறக்கும்போது, கயிற்றை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரே ஆள் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். உராய்வுக் கெழு 0.2 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்குப் பின் ஒரு கிலோ இழுவிசையால் ஏறக்குறைய மூன்றரை கிலோவைத் தாங்கலாம். இரண்டு சுற்றானால் பன்னிரண்டு கிலோ. மூன்று சுற்றானால் நாற்பது கிலோவுக்கும் மேல். சுற்றுக்குச் சுற்று கூட்டலாக அல்ல, பெருக்கலாக வளர்கிறது. உராய்வு இரண்டு மடங்காக இருக்கும் கயிறானால், மற்றது இரண்டு சுற்றில் பிடிப்பதை அது ஒரே சுற்றில் பிடித்துவிடும். முடிச்சுக்குள் இழைகள் ஒன்றையொன்று நெருக்குவதால் அங்கே கணக்கு இவ்வளவு எளிதாக இராது. எனினும் வழவழப்பான நரம்புக்கு ஏன் நான்கும் ஐந்துமாகச் சுற்றச் சொல்கிறோம் என்பது இதிலிருந்து விளங்கும்.

இரண்டாவது செய்தி, வளைவு. நரம்பு நேராக இருக்கும்போது அதன் குறுக்கு வெட்டு முழுவதும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். கூர்மையாக வளைந்த இடத்தில் வெளிப்புறம் அதிகமாக இழுபட, உட்புறம் நசுங்குகிறது. எனவே அறுவதானால் பெரும்பாலும் முடிச்சின் வாசலில்தான் அறும். நரம்பின் நடுவில் தவறி விழுந்த ஒற்றை முடிச்சு ஒன்றே அதன் வலிமையில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும். தூண்டிலை வீசும்போது நரம்பு சிக்கி இப்படிப்பட்ட ஒற்றை முடிச்சு தானாக விழுவதுண்டு. அதைக் கண்டால் சோம்பல்படாமல் அந்த இடத்தை வெட்டிவிட்டு மறுபடி இணைக்க வேண்டும். பல சுற்றுகள் கொண்ட முடிச்சில் வளைவு படிப்படியாக வருவதால் இழப்பு குறைகிறது.

மூன்றாவது, சூடு. உலர்ந்த நைலானை வேகமாக இழுத்து இறுக்கினால் உரசும் இடத்தில் சூடு உண்டாகி, இழையின் மேற்பரப்பு கெடுகிறது. கண்ணுக்கு அது வெளுத்தாற்போல் அல்லது சொரசொரப்பாகத் தெரியும். எந்த முடிச்சானாலும் இறுக்குவதற்கு முன் நனைக்க வேண்டும். மெதுவாக, ஒரே சீராக இழுக்க வேண்டும். தூண்டில்காரர்கள் வாயில் வைத்து எச்சிலால் நனைப்பது வழக்கம். நம் தோட்டத்தில் அது வேண்டாம். மருந்து தெளித்த கையோடும், தெளிப்பான் வைத்த கொட்டகையில் தொங்கும் நரம்போடும் வாய்க்கு உறவு கூடாது. ஒரு குவளைத் தண்ணீர் போதும்.

எதற்காக இணைக்கிறோம்?

நரம்பை ஒரே நீளமாக வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். முடிந்தால் நல்லதுதான். ஆனால் தூண்டிலில் இணைப்பு வேண்டுமென்றே வைக்கப்படுகிறது. கழியிலிருந்து வரும் தாய் நரம்பு தடிமனாகவும், முள்ளோடு சேரும் கடைசி ஒரு முழ நரம்பு மெல்லியதாகவும் இருப்பது முறை. மெல்லிய நரம்பு மீன் கண்ணுக்கு எளிதில் தெரியாது. முள் வேரிலோ கல்லிலோ சிக்கிக்கொண்டால், அறுவது அந்த ஒரு முழமாகவே இருக்கும். தக்கையும் தாய் நரம்பும் தப்பும். மீன் அறுத்துக்கொண்டு போனாலும் அது இழுத்துச் செல்லும் நரம்பு குறைவாகவே இருக்கும்.

நரம்பின் தடிமன் மில்லிமீட்டரில் சொல்லப்படும். வலிமை தடிமனோடு நேர் விகிதத்தில் கூடுவதில்லை; அதன் வர்க்கத்தோடு கூடும். அதாவது 0.60 மி.மீ. நரம்பு 0.30 மி.மீ. நரம்பைப் போல் இரண்டு மடங்கல்ல, அதே சரக்காக இருந்தால் நான்கு மடங்கு தாங்கும். எத்தனை கிலோவில் அறும் என்பது உருளையின் அட்டையில் அச்சிட்டிருக்கும். அது முடிச்சில்லாத புது நரம்பின் அளவு என்பதை மறக்கக்கூடாது. நைலான் நீரை உறிஞ்சும் இயல்புடையது. நனைந்த பின் அதன் வலிமை சற்றுக் குறையும். வெயிலில் கிடந்தாலும் நலியும். கூரைக்கு வெளியே ஓர் ஆண்டு தொங்கிய நரம்பில் எவ்வளவு நல்ல முடிச்சுப் போட்டும் பயனில்லை.

மூன்று முடிச்சுகள்

ஆங்கிலேயர் நூல்களில் இணைப்பு முடிச்சுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. கிளிஃபோர்டு ஆஷ்லி என்னும் அமெரிக்கர் 1944இல் வெளியிட்ட முடிச்சு நூலில் மட்டும் 3,800க்கு மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. நமக்கு மூன்று போதும். அதிலும் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழகினால், மூன்றை அரைகுறையாக அறிவதைவிட மேல்.

கீழ்க்காணும் விளக்கத்தில் 'நுனி' என்பது நாம் கையில் பிடித்து முடியும் முனை. 'தாய்ப் பக்கம்' என்பது பாரம் தாங்கப்போகும் நீளமான பகுதி. முதலில் இரண்டு நிறக் கயிறுகளை, கொடிக்கயிறு பருமனில், எடுத்துக்கொண்டு பழகவும். நரம்பில் தொடங்கினால் கண்ணும் பொறுமையும் கெடும்.

முதலாவது சர்ஜன் முடிச்சு. தடித்த நரம்பையும் மெல்லிய நரம்பையும் சேர்க்க இதைவிட எளிய வழி இல்லை. இரண்டு நரம்புகளையும் ஒரு சாண் நீளத்திற்கு ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, நுனிகள் எதிரெதிர்த் திசையைப் பார்க்கும்படி வைக்கவும். இரண்டையும் ஒரே நரம்பாகப் பாவித்து ஒரு வளையம் செய்யவும். பிறகு தாய் நரம்பின் நுனியையும், முள் கட்டப்போகும் சிறு நரம்பு முழுவதையும் சேர்த்து அந்த வளையத்துக்குள் நுழைத்து எடுக்கவும். ஒரு முறை நுழைத்தால் அது சாதாரண முடிச்சு, நழுவும். இரண்டாம் முறையும், மெல்லிய நரம்பானால் மூன்றாம் முறையும் நுழைக்க வேண்டும். நனைத்துவிட்டு, நான்கு முனைகளையும் இரு கைகளிலும் பிடித்து ஒருசேர இழுக்கவும். இரண்டு முனையை மட்டும் இழுத்தால் சுற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் புடைத்துக்கொள்ளும். சிறு நரம்பு முழுவதும் வளையத்துக்குள் போய்வர வேண்டியிருப்பதால், முள்ளைக் கட்டுவதற்கு முன்பே இதைப் போட்டுவிட வேண்டும். நீளமான இரண்டு நரம்புகளுக்கு இது உதவாது.

இரண்டாவது, உருளை முடிச்சு. ஆங்கிலத்தில் பிளட் நாட் என்பார்கள். சம தடிமனுள்ள இரண்டு நரம்புகளுக்கு ஏற்றது. இறுகிய பின் சிறு பீப்பாய் போல் ஒழுங்காக இருக்கும். கழியின் வளையங்களில் தட்டாமல் போகும். இரண்டு நுனிகளையும் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக வைத்து, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீண்டிருக்கும்படி செய்யவும். குறுக்கிடும் இடத்தை விரல்களால் பிடித்துக்கொண்டு, ஒரு நுனியை மற்ற நரம்பின் தாய்ப் பக்கத்தைச் சுற்றி ஐந்து சுற்றுச் சுற்றவும். பின் அந்த நுனியைத் திரும்பக் கொண்டுவந்து, குறுக்கிட்ட இடத்தில் இரண்டு நரம்புகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நுழைக்கவும். இந்த இடைவெளி மூடிக்கொள்ளாமலிருக்க அங்கே ஒரு தீக்குச்சியைச் செருகி வைப்பது நல்ல உபாயம். அடுத்து இரண்டாவது நுனியை, மறுபக்கத்துத் தாய் நரம்பின் மேல் அதேபோல் ஐந்து சுற்றுச் சுற்றி, அதே இடைவெளியில், ஆனால் முதல் நுனி நுழைந்த திசைக்கு எதிர்த் திசையில் நுழைக்க வேண்டும். இரண்டு நுனிகளும் ஒரே திசையில் போனால் முடிச்சு வலுவிழக்கும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். குச்சியை எடுத்துவிட்டு, நனைத்து, தாய்ப் பக்கங்கள் இரண்டையும் மெல்ல இழுத்தால் சுற்றுகள் வரிசையாகப் படியும்.

மூன்றாவது இரட்டை யூனி முடிச்சு. நான் இதைத்தான் முதலில் கற்கச் சொல்வேன். சம தடிமனுக்கும் உதவும், ஓரளவு ஏற்றத்தாழ்வுள்ள நரம்புகளுக்கும் உதவும், அந்தி மங்கிய நேரத்தில் விரல் உணர்வாலேயே போடலாம். இரண்டு நரம்புகளையும் ஒன்றரைச் சாண் நீளத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும். ஒரு நுனியைப் பின்னோக்கி மடித்து, இரண்டு நரம்புகளின் மேலும் கிடக்கும்படி ஒரு வளையம் செய்யவும். அந்த நுனியை வளையத்துக்குள் விட்டு, இரண்டு நரம்புகளையும் சேர்த்துச் சுற்றி, மறுபடி வளையத்துக்குள் வருமாறு நான்கு அல்லது ஐந்து சுற்றுகள் போடவும். நுனியை இழுத்தால் சிறு சுருள் ஒன்று அடுத்த நரம்பின் மேல் உட்காரும். அதை முழுவதும் இறுக்கிவிட வேண்டாம். மறுபக்கத்து நுனியாலும் இதையே செய்யவும். இப்போது ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இரண்டு சுருள்கள் இருக்கும். நனைத்துவிட்டுத் தாய்ப் பக்கங்களை இழுத்தால் இரண்டும் வழுக்கிக்கொண்டு வந்து நடுவில் முட்டி நிற்கும். பிறகு நுனிகளையும் ஒருமுறை இழுத்து இறுக்கி வெட்டிவிடலாம்.

நுனியை எவ்வளவு நெருக்கமாக வெட்டலாம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டு, மூன்று மி.மீ. விட்டு வெட்டுவதே பத்திரம். பீடி நெருப்பால் நுனியைச் சுடுவதைப் பார்த்திருக்கிறேன். நைலான் உருகும் பொருள். சூடு முடிச்சுக்குள் ஏறினால் நாம் பட்ட பாடு வீண். உடனடியாக ஒட்டும் பசையைச் சொட்டு விடுவதும் தேவையில்லை. காய்ந்த பசை நரம்பை விறைப்பாக்கும். சரியாகப் போட்ட முடிச்சுக்கு அது வேண்டியதில்லை, தவறாகப் போட்டதை அது காப்பாற்றப் போவதுமில்லை.

வாளியில் ஒரு சோதனை

முடிச்சு நன்றாக இருக்கிறதா என்பதை மீனிடம் கேட்டறிவதைவிட வாளியிடம் கேட்பது சிக்கனம். இணைத்த நரம்பின் ஒரு முனையை வேப்பங்கிளையில் கட்டி, மறுமுனையில் ஒரு வாளியைத் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடவும். முனைகளைக் கிளையிலும் வாளியிலும் ஐந்தாறு சுற்றுச் சுற்றிய பின் முடிய வேண்டும். இல்லையேல் அங்கேயே அறுந்து, சோதனை கெடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வாளியின் எடையை முன்பே தெரிந்துகொண்டு, லிட்டர் லிட்டராக ஊற்றி வரவும். முடிச்சில்லாத நரம்பு, பழைய முடிச்சு, புதிய முடிச்சு என்று மூன்றையும் சோதித்துக் கணக்கெழுதி வைத்தால் வேறு ஆசிரியர் தேவையில்லை. ஒரே முறை பார்த்து முடிவு கட்ட வேண்டாம். வயல் சோதனையில் நாங்கள் ஒவ்வொரு பாத்தியையும் மூன்று நான்கு முறை திரும்பப் போடுவது போல, இதையும் நான்கைந்து முறை செய்ய வேண்டும். காலை வாளிக்குக் கீழே வைக்காதீர்கள்.

விட்டுப்போன நுனியை எடுத்துப் பார்ப்பது இதில் முக்கியம். சுருண்டிருந்தால் முடிச்சு உருவிக்கொண்டது என்று பொருள்; சுற்று போதவில்லை, அல்லது இறுக்கம் போதவில்லை. நேராக அறுந்திருந்தால் முடிச்சு தன் வேலையைச் செய்துவிட்டது. இன்னும் தாங்க வேண்டுமானால் தடித்த நரம்பு வாங்க வேண்டும். நுனி தட்டையாகவோ வெண்மையாகவோ இருந்தால், உலர்வாக இழுத்து இறுக்கியதில் கெட்டுப்போனது என்று ஐயப்படலாம்.

தோட்டத்துக் கயிறுகள்

நரம்பைப் பற்றிச் சொன்னது நைலான், பாலிப்ரொப்பிலீன் கயிறுகளுக்கும் பெருமளவு பொருந்தும். கடையில் கயிறு இன்னதென்று தெரியாவிட்டால் ஒரு துண்டைத் தண்ணீரில் போடவும். மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீனோ பாலித்தீனோ. மூழ்கினால் நைலானாக இருக்கலாம். மிதக்கும் வகை வெயிலில் விரைவில் பொடியும். பந்தலில் ஒரு கோடை கிடந்த மஞ்சள் கயிற்றை உருட்டிப் பார்த்தால் கையில் தூள் ஒட்டுவதைக் காணலாம்.

கயிறு இணைப்பதற்குப் பலரும் நம்புவது, சாரணர் பயிற்சியில் ரீஃப் முடிச்சு என்று கற்பிக்கப்படும் முடிச்சு. முதல் பாதியில் வலதை இடதின்மேல் போட்டால், இரண்டாம் பாதியில் இடதை வலதின்மேல் போடுவது. இரண்டு பாதியையும் ஒரே மாதிரி போட்டுவிட்டால் அது கிரானி முடிச்சு. அவசரத்தில் நம் கை போடுவது பெரும்பாலும் அதுதான். 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், இழுபடும் அளவுக்கேற்ப நிறம் மாறும் இழைகளைக் கொண்டு முடிச்சுகளுக்குள் நடப்பதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ரீஃப் முடிச்சில் இழைகள் எதிரெதிர்த் திசைகளில் முறுக்கிக்கொள்ள முயல்வதால் ஒன்றையொன்று தடுக்கின்றன. கிரானியில் முறுக்கம் ஒரே திசையில் போவதால் முடிச்சு உருண்டு நழுவுகிறது.

அதற்காக ரீஃப் முடிச்சை இணைப்புக்கு நம்பிவிடவும் கூடாது. அது மூட்டை கட்டவும், காயத்துக்குக் கட்டுப் போடவும் உரிய முடிச்சு. ஒரு பக்கத்து நுனியையும் அதே பக்கத்துத் தாய்க் கயிற்றையும் எதிரெதிராக வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். ஒரு கயிறு நேராகிவிடும். மற்றது அதன்மேல் தளர்ந்த கண்ணியாக மாறி வழுக்கி வெளியே வரும். என் குடுவை கிணற்றில் போனது இப்படித்தான். ரீஃப் முடிச்சை இணைப்புக்குப் பயன்படுத்தியதால் விளைந்த உயிர்ச்சேதம் மற்ற எல்லா முடிச்சுகளாலும் விளைந்ததைவிட அதிகமாக இருக்கலாம் என்று மேற்சொன்ன ஆஷ்லியே எச்சரித்திருக்கிறார்.

தடித்த கயிற்றோடு மெல்லிய கயிற்றைச் சேர்க்க, நெசவாளரும் வலை பின்னுவோரும் கையாளும் முடிச்சு சிறந்தது. தறியில் அறுந்த இழையை இணைக்கும் முடிச்சும், மீன் வலையின் கண்களில் உள்ள முடிச்சும், கப்பற்காரர்கள் ஷீட் பெண்ட் என்று அழைப்பதும் அமைப்பில் ஒன்றே. தடித்த கயிற்றை மடித்து ஒரு கொண்டி போல் பிடிக்கவும். மெல்லியதை அதற்குள் கீழிருந்து மேலே விட்டு, கொண்டியின் இரண்டு கால்களுக்கும் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து, அந்த மெல்லிய கயிற்றுக்கு அடியிலேயே செருகி இழுக்கவும். நைலானாக இருந்தால் கால்களை இரண்டு முறை சுற்றிய பின் செருக வேண்டும். வழவழப்பான ஒற்றை இழை வலைகளிலும் இப்படி இரட்டையாகப் போடுவதுண்டு. இரண்டு நுனிகளும் ஒரே பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கவும். பாகல், புடலைப் பந்தலில் கொடி ஏற்றும் கயிறுகளுக்கு இது மிகவும் வசதி. வேண்டும்போது அவிழ்க்கவும் வரும்.

நிரந்தரமாக இணைப்பதற்கு இரட்டை மீனவர் முடிச்சு. ஒரு கயிற்றின் நுனியை மற்றதன் மேல் இரண்டு முறை, தன் தாய்ப் பக்கம் நோக்கிச் சுற்றி, அந்தச் சுற்றுகளுக்குள்ளேயே நுழைத்து இறுக்க வேண்டும். மற்ற நுனியாலும் அவ்வாறே. பிறகு இரண்டையும் இழுத்து முட்ட வைக்க வேண்டும். இரட்டை யூனியைப் பழகியவர்களுக்கு இது அதன் தம்பி என்று தெரிந்துவிடும். பாரம் ஏறிய பின் அவிழ்ப்பது கடினம். கயிற்று நுனிகள் பிரியாமலிருக்க அவற்றை நெருப்பில் காட்டி உருக்கிக்கொள்ளலாம். நரம்புக்கு நான் வேண்டாமென்றது கயிற்றுக்குப் பொருந்தும். ஆனால் முடிவதற்கு முன்பே, முடிச்சு விழும் இடத்துக்கு அப்பால் இதைச் செய்துகொள்ள வேண்டும்.

இந்தத் துறையில் புதுமை முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்த காலத்தில், 1978 அக்டோபர் 6ஆம் நாள் லண்டன் டைம்ஸ் நாளிதழ் தன் முதல் பக்கத்திலேயே ஒரு புதிய இணைப்பு முடிச்சைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. கண்டவர் எட்வர்டு ஹண்டர் என்ற மருத்துவர். அதனால் எழுந்த ஆர்வத்தில் 1982இல் முடிச்சுக் கலைஞர்களுக்கு ஒரு பன்னாட்டுச் சங்கமே அமைந்தது. அந்த முடிச்சை ஃபில் ஸ்மித் என்ற அமெரிக்கர் 1950களிலேயே அச்சில் விளக்கியிருந்தது பின்னர்தான் தெரிய வந்தது. நம் ஊர்த் தறிக்காரர் ஒருவரோ வலைஞர் ஒருவரோ அதற்கும் முன்பே போட்டிருக்கக்கூடும் என்பது என் சந்தேகம்; அவர்கள் செய்தித்தாளுக்கு எழுதுவதில்லை.

இணைக்கக் கூடாத இடங்கள்

இத்தனை முடிச்சுகளைச் சொன்ன பிறகு, முடிச்சே கூடாத இடங்களைச் சொல்லாமல் விட முடியாது. கிணற்றில் ஆள் இறங்கும் கயிற்றில் எந்த இணைப்பும் கூடாது. எவ்வளவு நன்றாகப் போட்டாலும் முடிச்சு கயிற்றைவிட வலுக்குறைவானது; உருளையில் ஓடும்போது சிக்கவும் செய்யும். முழு நீளக் கயிறு வாங்கவே வேண்டும். ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரை இறக்கும்போது கூடவே விடும் பாதுகாப்புக் கயிறும் அப்படியே. அது ஆண்டுக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கிடக்கிறது. ஒரு நாள் குழாய் கழன்றால், அந்த ஒரே நாளில் முழுப் பாரத்தையும் அதுதான் தாங்க வேண்டும். முன்சொன்ன கட்லாக்காரரின் கொட்டகையில் அடுத்த வாரம் மோட்டாருடன் இறக்குவதற்காகச் சுருட்டி வைத்திருந்த கயிற்றைப் பார்த்தேன். இரண்டு துண்டுகளை இணைத்திருந்தார். கிரானி முடிச்சு. நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்துக் காட்டினேன். பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு, "நாளைக்கு டவுனுக்குப் போறப்ப ஒரே கயிறா வாங்கிட்டு வந்துரு சாமி" என்றார்.

கன்றுக்குட்டியின் கழுத்தில் மெல்லிய நைலானைக் கட்டுவதும் கூடாது. முடிச்சு நழுவிச் சுருக்காக மாறினால் மூச்சை அடைக்கும். நழுவாவிட்டாலும் தோலை அறுக்கும். அங்கே பழைய பருத்திக் கயிறே மேல்.

கடைசியாக, வெட்டி எறியும் நுனிகளைப் பற்றி. நைலான் மண்ணில் மக்குவதில்லை. வரப்பில் விழுந்த நரம்புத் துண்டில் கொக்கும் மைனாவும் கால் மாட்டித் தொங்குவதைப் பார்க்க நேர்ந்திருக்கிறது. புல்லோடு சேர்த்துத் தின்ற மாட்டின் வயிற்றிலும் அது அப்படியே தங்கும். தூண்டில் பெட்டியில் ஒரு சிறு டப்பாவை இதற்கென்றே வைத்துக்கொண்டு, சாண் நீளத் துண்டானாலும் மூன்று மி.மீ. துண்டானாலும் அதில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடவும். எரிக்க வேண்டாம், புகை நல்லதல்ல. பழைய பிளாஸ்டிக் வாங்க வருபவரிடம் மற்றவற்றோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம்.